வீட்டுக்கு ஒரு ஃபோர்மேன்

என் பகல் தூக்கத்துக்கு ஆபத்து மாடியிலிருந்து வந்தது.

அது சாதாரணத் தூக்கம் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவி, கூடத்துச் சாய்வுநாற்காலியில் சரிந்தேன் என்றால் நான் விடும் குறட்டையில் சுவர்க் காலண்டர் தானாகவே அடுத்த மாதத்துக்குப் போய்விடும். பக்கத்துத் தெருத் தையல்காரர் அந்தத் தாளத்துக்குத்தான் மெஷினை மிதிக்கிறார் என்று கேள்வி.

மாடியில் குடிவந்த அம்மாள் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறவர். மாடி டீச்சர் என்போம். துணி காயப்போடும் நேரத்தில் என் மனைவிக்கும் இலவசமாகப் பாடம் நடத்திவந்தார். விளைவு, ஒருநாள் மத்தியானம் நான் ஏப்பத்தோடு நாற்காலியை நோக்கி நகரும்போது மனைவி குறுக்கே நின்றாள்.

"என்னங்க, இந்த வீட்டுல எத்தனை வர்க்கம் இருக்கு தெரியுமா?"

"இருக்கிறதே நீயும் நானும்தான். வர்க்கத்துக்கு எங்க இடம்?"

"ரெண்டு இருக்கு. உட்கார்ந்து சாப்பிடுறது ஒண்ணு. நின்னு பரிமாறுறது ஒண்ணு. டீச்சர் சொன்னாங்க."

"டீச்சர் வீட்டுல எப்படியாம்?"

"அங்க அவங்க வீட்டுக்காரர்தான் பாத்திரம் தேய்க்கிறார். நாளையிலேர்ந்து நீங்களும் தேய்க்கிறீங்க. மத்தியானப் பாத்திரம் மட்டும் போதும்."

மட்டும் போதுமாம். மத்தியானப் பாத்திரம்தான் நேராக வந்து என் தூக்கத்தின் மேல் ஏறி உட்காரும் பாத்திரம்.

இங்கே எங்கள் பூர்வகதையைச் சொல்லிவிடுகிறேன். இருவரும் ஒரே பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் ஃபோர்மேன். அவள் பேக்கிங். எனக்கு நாற்காலி, கண்ணாடி டம்ளரில் டீ. அவளுக்கு நாள் முழுக்க நிற்கிற வேலை, தகர டம்ளர். காதலித்த காலத்தில் என் கண்ணாடி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தியதற்கே மேனேஜர் ஒரு வாரம் முறைத்தார். "உங்க வீட்டம்மா ஃபேக்டரியிலயும் கீழ, வீட்டுலயும் கீழ" என்று டீச்சர் மாடிப்படியில் வைத்து என்னிடமே சொன்னார். நான் இரண்டு இடத்திலும் மேலே இருந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் என் திட்டம் தயார். கையால் ஒன்றும் செய்யாமலே களைத்துப்போகிற வித்தையை ஆயுள் முழுக்கப் பயின்றவன் நான்.

"சமத்துவம்தானே? பூரண சம்மதம். ஆனா வேலைன்னா ஒரு ஒழுங்கு வேணும். ஃபேக்டரி முறையில நடத்துவோம். நீ தொழிலாளி, நான் ஃபோர்மேன். மேற்பார்வையும் வேலைதானே?"

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை.

"ஃபேக்டரி சட்டம் எல்லாம் உண்டா?"

"அத்தனையும் உண்டு."

"பின்னால மாத்திப் பேசக் கூடாது."

"ஃபோர்மேன் வாக்கு."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கொஞ்சம் ஆராய்ந்திருக்க வேண்டும். அதற்குள் நாற்காலி கூப்பிட்டுவிட்டது.

சில நாள் ராஜபோகம். சமையலறை வாசலில் நின்று, "அந்தக் கரண்டியில பிசுக்கு இருக்கு பார்" என்பேன். "சரிங்க ஃபோர்மேன்" என்பாள். கடமை முடிந்து போய்ப் படுப்பேன். காலண்டர் அடுத்த வருஷத்தைத் தொட்டது.

பிறகு ஒரு மத்தியானம், கை கழுவித் திரும்பினால், என் நாற்காலியில் அவள் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள்.

"என்ன இது?"

"நான் லீவு."

"ஃபோர்மேன்கிட்ட கேட்காமலா?"

"நேத்து மத்தியானம் கேட்டேனே. 'ம்'னீங்க."

"தூக்கத்துல சொல்லியிருப்பேன்."

"ஃபேக்டரியிலயும் அப்படித்தான் லீவு குடுத்தீங்க. யாரு குறை சொன்னா?"

"சரி, எவ்வளவு நாளைக்கு?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எடுக்காம சேர்ந்து கிடக்கு. மெதுவா எடுத்துக்கிறேன்."

"பாத்திரத்தை யார் தேய்க்கிறது?"

"நம்ம ஃபேக்டரியில பேக்கிங் ஆள் வரலைன்னா மேஜையில யாரு நிப்பாங்க?"

பிஸ்கட் வரும் பெல்ட் யாருக்காகவும் நிற்காது. ஆள் வராத இடத்தில் ஃபோர்மேன்தான் நிற்க வேண்டும். அந்தச் சட்டத்தைத் திட்டித் திட்டியே ஓய்வு பெற்றவன் நான்.

டீச்சரிடம் நியாயம் கேட்கலாம் என்று மாடிக்கு ஓடினேன். அவர் கணவர் கதவைத் திறந்தார். முழங்கை வரை சோப்பு நுரை.

"உள்ள வாங்க சார். இன்னும் ரெண்டு தட்டுதான் பாக்கி."

வந்த வழியே இறங்கினேன்.

தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். அவள் தூங்கினாள். அவள் குறட்டைக்குக் காலண்டர் அசையவில்லை. கெட்டில் கொதிக்கத் தொடங்குவதுபோல ஒரு சின்ன விசில், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால், அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நின்றபடி பார்க்க வேண்டியிருந்ததே, அதுதான் வருத்தம். ஒருநாள் கண் சொக்கி, மூக்கு வரை நுரைக்குள் போய் வந்தேன்.

அங்கேயே, நுரைக்கு நடுவில், கடைசித் தந்திரம் உதித்தது. ஆள் வராவிட்டால் நிற்கவேண்டியவர் ஃபோர்மேன். அப்படியானால் ஃபோர்மேனாக ஏன் இருக்க வேண்டும்?

"இந்தா பாரு, நான் ராஜினாமா பண்றேன்."

"எதை?"

"ஃபோர்மேன் பதவியை. இனிமே நீயே ஃபோர்மேன். நான் வெறும் தொழிலாளி."

கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "மனசாரத்தான் சொல்றீங்களா?"

"மனசார. பெண்கள் மேல வரணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

"சரி, ஏத்துக்கிட்டேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். "அப்போ ஃபோர்மேன் அம்மா, நாளையிலேர்ந்து நான் லீவு. ஆள் வரலைன்னா யாரு நிக்கணும்கிற சட்டம் ஞாபகம் இருக்கில்ல?"

அவள் நாற்காலியில் சௌகரியமாக ஒருக்களித்துப் படுத்தாள்.

"புதுசா சேர்ந்தவங்களுக்கு முதல் வருஷம் லீவு கிடையாதுங்க. அந்தச் சட்டியைக் கொஞ்சம் அழுத்தித் தேயுங்க."