பதினொரு தடவையும் அப்பா

அன்பு மகனுக்கு,

அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். என் வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துழைப்பதில்லை. அங்கே நீயும், அந்தத் திரையையே முறைத்துக்கொண்டிருக்கும் உன் கண்களும், வளைந்துபோன உன் முதுகும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கைபேசியில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று மழுப்பிவிடுவாய். அதனால் உன் மீதான குற்றப்பத்திரிகையைக் காகிதத்திலேயே அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

"ரெண்டு பேரும் ஆறு மாசம் வந்து என்னோட இருங்க" என்று நீ சொன்னாய் அல்லவா, அன்று மாலையே உன் அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாள். நான் வரமாட்டேன் என்றேன். குளிர் ஒத்துக்கொள்ளாது, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது, விமானத்தில் காலை நீட்ட முடியாது என்று வரிசையாகச் சொன்னேன். உண்மைக் காரணத்தை, நீ எதிரில் இல்லாத தைரியத்தில் எழுதிவிடுகிறேன். அங்கே எனக்கு என்ன வேலை? இங்கே நான் எடை அளவு ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும், என் தலையைக் கண்டால் காய்கறிக்கடைக்காரர் தராசைத் துடைத்து வைக்கிறார். அங்கே நீ கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பாய், நான் ஜன்னலைப் பார்ப்பேன். பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்த வாக்குவாதம் நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் உன் அம்மா தட்டை வைத்துக்கொண்டே, "எதுக்கு வீண் சண்டை? நீதிபதிகிட்டயே கேட்டுடலாம்" என்றாள்.

நீதிபதியை மறந்திருக்க மாட்டாய். அப்போது உனக்குப் பதினொரு வயது. என் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போட்டால் மாவு மில் மாதிரி சத்தம் வரும். சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரம் தேய்ப்பது யார் என்று தினமும் வீட்டில் போர். நூலகப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் நீ எழுதிய முதல் நிரல்தான் அந்த நீதிபதி. பட்டனைத் தட்டினால் அப்பா, அம்மா, அக்கா, நான் என்ற நான்கு பேரில் ஒரு பெயர் வரும். வந்தவர் தேய்க்க வேண்டும், மேல்முறையீடு கிடையாது. பாரபட்சமே இல்லாத பொருளை என் மகன் செய்திருக்கிறான் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதற்குப் பள்ளியில் முதல் பரிசு வாங்கினாய், அந்தக் கிறுக்கிலேயே பொறியியல் படித்தாய், இரண்டு கம்பெனி மாறினாய். கடைசியில் வெளிநாட்டுக்காரர்கள் நேர்முகத் தேர்வில் முதல் நிரலைப் பற்றிக் கேட்டபோது, "வீட்டு வேலையைச் சமமாகப் பங்கிடும் நிரல்" என்று பதில் சொல்லி வேலையையும் வாங்கிவிட்டாய். இப்போது அடுத்தவர் எழுதிய நிரலில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உன் பிழைப்பு. நான் எடை அளவு ஆய்வாளர், என் மகனும் ஒரு வகையில் ஆய்வாளர்தான், அவன் காலில் எடைக்கல் விழாது, அதுதான் வித்தியாசம் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஏழு வருடம் அந்த நீதிபதி இந்த வீட்டை ஆண்டார். பெரும்பாலும் என் பெயர்தான் வரும். என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். அம்மா பெயர் வந்ததே இல்லை. "பாவம் நீங்க, எனக்கு மட்டும் வரவே மாட்டேங்குதே" என்று அனுதாபப்பட்டுவிட்டு நாளிதழோடு உட்கார்ந்துவிடுவாள். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அந்த நேரம் பிடித்துத்தான் இருந்தது. நான் தேய்ப்பேன், நீ பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு எழுதியதை எல்லாம் கொட்டுவாய். ஒரு வார்த்தை புரிந்ததில்லை. "ம்" கொட்டிக்கொண்டே கடாயைச் சுரண்டுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணினியைத் தூசி தட்டினோம். முக்கி முனகி உயிர் வந்தது. அப்பா என்று வந்தால் போக வேண்டாம், அம்மா என்று வந்தால் போகிறோம், மற்றப் பெயர் வந்தால் செல்லாது. இதுதான் ஒப்பந்தம். தட்டினேன். அப்பா. "பார்த்தியா!" என்றேன். "மூணு தடவை போட்டாத்தான் நியாயம்" என்றாள். மூன்றும் அப்பா. "அஞ்சா வச்சுக்கலாமே." அஞ்சும் அப்பா. இடையிடையே அக்கா பெயர் எட்டிப் பார்த்தது, அம்மா பெயர் வரவே இல்லை. பதினொரு தடவை ஜெயித்தேன். அதோடு பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவர்களைப் பிடித்தவன் நான். ஒரே பக்கம் பதினொரு தடவை சாயும் தராசை எப்படி விடுவேன்? கல்லூரியில் இதே பாடத்தை நடத்தும் உன் அக்காவை வரவழைத்து, நீதிபதியின் வயிற்றைத் திறக்கச் சொன்னேன்.

நிரலைப் படித்தவள் முதலில் சிரித்தாள், அப்புறம் சிவந்தாள். "அப்பா, அம்மா பேர் வந்தா மறுபடி எடுன்னு எழுதியிருக்கான். அவன் பேர் வந்தாலும் மறுபடி எடு, செவ்வாய்க்கிழமை தவிர." செவ்வாய் மாலை அம்மாவுக்கு மருத்துவமனைப் பணி, வீட்டில் கடைச் சாப்பாடு, கழுவ வேண்டியது நான்கு கரண்டி! "இன்னும் கேளுங்க. பட்டியல்ல உங்க பேர் ரெண்டு தடவை இருக்கு. நான் காலேஜ் போற வரைக்கும் தேய்ச்சேனேப்பா, அந்தத் திருடன் எங்க?" திருடன் கடல் கடந்துவிட்டான் என்றேன். ஊர்த் தராசையெல்லாம் சோதித்தவன், ஏழு வருடம் சொந்த அடுப்படியில் கள்ளத் தராசில் நின்றிருக்கிறேன். வெளியே சொல்ல முடியுமா?

ஆகவே என் முடிவு. முத்திரை இல்லாத தராசில் நிறுத்தது செல்லாது, எனக்குச் சாதகமாக நிறுத்திருந்தாலும் செல்லாது. அந்த வெற்றியை வைத்துக்கொள்ள என் மனது இடம் தரவில்லை. அம்மா பக்கமே தீர்ப்பு. வருகிற பதினான்காம் தேதி புறப்படுகிறோம். பாசத்தில் வருகிறேன் என்று நினைக்காதே. குற்றவாளியை நேரில் விசாரிக்க வருகிறேன். உன் மேலாளரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, எல்லா வளமும் பெற்று நன்றாக இரு.

இப்படிக்கு,
ஏமாற்றப்பட்ட உன் அப்பா

பி.கு. கண்ணு, அம்மா எழுதுறேன். அப்பா தபால்தலை வாங்கப் போயிருக்கார். என் பேர் வராம பாத்துக்கோ, அப்பதான் கணினியைத் தொட விடுவேன்னு அன்னைக்கு உன்னை மிரட்டினது நான்தான், அதை இன்னும் அவர்கிட்ட சொல்லலை. நீதிபதிகிட்ட கேட்கலாம்னு இப்பவும் தெரிஞ்சேதான் சொன்னேன். நேர்மையா தோத்திருந்தாக்கூட அடம்பிடிச்சிருப்பார். பொய்யா ஜெயிச்சா ஒரு நாள் தாங்க மாட்டார். பதினோரு தடவை ஆச்சு அவருக்கு உறைக்க! அவர் பேரை ரெண்டு தடவை போட்டது மட்டும் உன் வேலை. ஏன்டான்னு கேட்டதுக்கு, "பாத்திரம் தேய்க்கிறப்பதாம்மா அப்பா ஓடாம ஒரு இடத்துல நிக்கிறார், அப்பதான் நான் சொல்றதைக் கேக்குறார்"னு சொன்னே. அதையும் இவ்வளவு நாள் நான் சொல்லலை. நீயே சொல்லு. உன் வீட்டுல பாத்திரம் கழுவுற மெஷின் இருக்காமே, அவர் வர்றதுக்குள்ள அது ரிப்பேர் ஆகிடட்டும். ஒரு ஸ்டூல் வாங்கி வை.