ஒயர் மண்டோர் மேல நான் வச்ச கம்ப்ளேன்

எல்லா ரிப்பேர்காரனும் ஒரே மாதிரின்னு சொல்லாத பார்வதி. மலேசியா பூரா தேடிப் பாரு, கம்ப்யூட்டர் பொட்டிக்கு ஹெல்மட் மாட்டி மோட்டோவுல பின்னால ஒக்கார வச்சிக் கூட்டிக்கிட்டுப் போனவன் ஒருத்தன்தான். எங்க ஒயர் மண்டோரு. நனையாம இருக்கக் கைலியச் சுத்தி, மேல ஹெல்மட்டக் கவுத்து, இடுப்போட சேத்துக் கட்டிக்குவான். தஞ்சோங் காராங் ரோட்டுல போலீஸ்காரன் நிறுத்தி, “பின்னால யாரு?”ன்னானாம். “நோயாளிங்க, டுவான்”னானாம் இவன்.

பேரா? பேரு யாருக்குடி தெரியும். எந்நேரமும் கழுத்துல ஒயரு தொங்கும், எஸ்டேட்டுல ஆளுங்கள மேய்க்கிற மண்டோரு மாதிரி லைப்ரரி கம்ப்யூட்டர் பொட்டிங்கள மேய்ச்சு ரிப்பேரு பாப்பான், அதான் ஒயர் மண்டோரு. நான் லைப்ரரியில கூட்டித் தொடைக்கிறேன்ல, ஒம்பது வருஷமாப் பொஸ்தகத் தூசி தட்டுறேன், உள்ள என்னா எழுதியிருக்குன்னு ஒன்னும் தெரியாது. ஆனா அவனப் பத்திக் கேளு, முழுசாச் சொல்லுவேன்.

காலையில வந்ததும் எஸ்டேட்டுல ஆளு எண்ணிப் பெரட்டு எடுக்கிற மாதிரி பொட்டிங்க முன்னால நிப்பான். “ஒன்னு?” பட்டனத் தட்டுவான், லைட்டு வரும். “ரெண்டு?” வரும். “மூனு? என்னா மூனு, ராத்திரி தண்ணியா?” ஒருக்கா நாலாம் நம்பரத் தொறந்தா உள்ள பல்லி முட்ட. “பெரியம்மா, இது ஒடம்புக்கு முடியாம இல்ல, முழுகாம இருக்கு”ங்குறான். படிக்க வந்தவங்க எல்லாம் சிரிச்சு, புவான் வந்து அதட்டுனாங்க. புவானு யாரு, லைப்ரரிக்குப் பெரியவங்க, மலாய்க்காரம்மா, தங்கமானவங்க.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அஞ்சு லைப்ரரிக்கு அவன் ஒருத்தன்டி! இங்க ஒன்னு, தஞ்சோங் காராங் பக்கம், சுங்கை புரோங் பக்கம், அந்தாண்ட ராசாங்கிற ஊரு வரைக்கும். டீ ஊத்திக் குடுத்தா பாதி குடிக்கிறதுக்குள்ள போனு வந்துரும். அஞ்சு எடத்துலயும் அஞ்சு அரை கிளாசு. முழு டீ குடிச்சு அவன நான் பாத்ததே இல்ல.

அவன் சுங்கை புரோங்ல இருக்கயில இங்க பொட்டி படுத்துக்கும். கவர்மெண்டு பாரம் கம்ப்யூட்டர்ல அனுப்ப வந்தவங்க மூனு நாளு காத்துக் கெடப்பாங்க. கோவத்துல கவுண்டர்ல கம்ப்ளேன் தாளக் கேப்பாங்க. நான் துடைப்பத்தோட குறுக்கப் போயி நின்னுருவேன்.

“வேணாய்யா, எழுதாதீங்க. புள்ளகுட்டிக்காரன், ஒருத்தனா அலையிறான்.”

நான் எஸ்டேட்டு லயத்துல பொறந்தவ. கணக்கெழுதுற கிராணி கிட்ட கம்ப்ளேன் போனா ஒரு ஆளு பேர வெட்டுவான், இது எனக்குத் தெரியாதா? அதனால ஒரு வருஷம் ஒரு தாளு எழுத விடல. நானே அவனுக்கு போன் அடிப்பேன், அவன் வந்து நிப்பான். அவ்ளோதான்.

ஒரு நாளு பெரிய ஆபீஸ்லருந்து ஒரு ஆளு வந்து கம்ப்ளேன் பொட்டியத் தொறந்தான். காலி. பொரட்டிப் பாத்தான், அப்பவும் காலி. “இங்க பொட்டிங்க எதுவும் கெடுறதே இல்ல போலருக்கே, அப்பறம் எதுக்கு ஆளு?”ன்னுட்டான். மண்டோரு கன்ட்ரேக்ட் ஆளு. மாசக் கடைசியோட நிப்பாட்டிட்டு, போன் நம்பரு மட்டும் ஒட்டி வைக்கப் போறாங்கன்னு புவான் வந்து சொன்னாங்க.

அவன் கிட்டயே போயி உண்மையச் சொல்லிட்டேன். கேட்டுட்டுச் சிரிக்கிறான்.

“நீங்க காப்பாத்துன காப்புல எனக்கு வேலயே போச்சு லா, பெரியம்மா.”

சும்மா விடுவனா? மறுநாள்லருந்து நான் வாசல்ல நின்னேன். “பொட்டிக்குக் காத்துக் கெடந்தியா? எழுதிட்டு உள்ள போ.” நெல்லு வயக்கார மலாய்த் தாத்தா ஒருத்தரு ரெண்டு தாளு எழுதுனாரு. ஒரு பொண்ணு, “எனக்கு ஏர்கான் குளுரு மட்டுந்தான் பாட்டி”ன்னிச்சு. “அதையும் போடு!”

என் தாள யாரு எழுதுறது? மண்டோரு கிட்டயே குடுத்தேன்.

“எழுது. பொட்டி படுத்துச்சு, ஆளு வர மூனு நாளு.”

எழுதுனான்.

“கூப்டா வந்துருவான், ஆனா அஞ்சு எடத்துக்கு ஒருத்தன் எப்படி வருவான்னு போடு.”

எழுதுனான்.

“அவன் ரொம்ப நல்லவன்னு போடு.”

பேனாவ வச்சிட்டான். “அதுக்குக் கட்டம் இல்ல பெரியம்மா”ங்குறான், மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு. நான் பெருவெரல மையில தொட்டு அழுத்தி வச்சேன்.

மத்த நாலு லைப்ரரிக்கும் புவானே பேசுனாங்க. தாளு கட்டுக் கட்டாப் போச்சு. மாசக் கடைசிக்குள்ள பெரிய ஆபீஸ் எறங்கி வந்துச்சு. அவன நிப்பாட்டல. எடத்த ரெண்டாப் பிரிச்சு இன்னொரு ஆளும் போட்டாங்க.

அந்த ஆளுதான்டி இப்ப இங்க இருக்குற பொண்ணு. அவன ராசா பக்கத்துக்கு மாத்திட்டாங்க. நான் அவ்ளோ தூரம் யோசிக்கவே இல்ல பாரேன்.

அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணு, கூப்ட ஒடனே வந்துருது. அவனுக்கும் நல்லதுதான். வீடு ராசாவுக்குக் கிட்ட ராவாங்குல, இப்ப பொழுதோட போயி புள்ளைங்க மொகத்தப் பாக்குறானாம். நான் எதுக்குக் கொற சொல்லணும்? ஆனா அந்தப் பக்கத்துலருந்து யாரு வந்தாலும், “ராசாவுல மழயா?”ன்னு வாயி தானாக் கேட்டுருது. மோட்டோவுல போறவன்ல.

ஐயய்யோ, இங்கயே தூறுது! தள்ளுடி, கொடியில துணி கெடக்கு.