பகலவன் வாங்கிய மூன்று டப்பா

தேசப்பனின் கை பனியனுக்குள் நுழைய மறுத்தது. அதைப் பார்த்த பகலவனுக்கு அன்று சோறு தொண்டைக்குள் நுழைய மறுத்தது.

சுனாமிக்கு முந்தின வருஷம். திருவொற்றியூர் ரயில்வே கேட்டை ஒட்டியிருந்த ஜிம்மில் அதுவரை பகலவன்தான் ராஜா. பகலில் மணலியில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். மாலையானால் ஜிம்மின் ஒரே ஆளுயரக் கண்ணாடி அவனுக்குச் சொந்தம். காசிமேட்டில் ஐஸ் பாளம் தூக்கும் இந்தத் தேசப்பன் எங்கிருந்தோ வந்து சேர்ந்து, கண்ணாடியில் பாதியைப் பிடித்துக்கொண்டான்.

அது போதாதென்று மாஸ்டர் ஆசீர்வாதம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"போர்டு தேஞ்சு பூட்ச்சுப்பா. பொங்கலுக்குப் புச்சு மாட்டப் போறேன். வெள்ளக்காரன் படம்லாம் இனிமே வாணாம். உங்கள்ல எவன் கை பெருசோ, அவன் படந்தான்."

போர்டு இருப்பதோ மெயின் ரோட்டில். கம்பெனி பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் போகும். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் தேசப்பனைத் தரிசனம் பண்ணிக்கொண்டு வேலைக்குப் போய்வருவதா? பகலவன் மறுநாளே தேசப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"தேசப்பா, இன்னாதான் சாப்புட்ற நீ?" என்று நைசாக விசாரித்தான்.

"கேவுரு கூழு மாமு."

அமுக்குணி! கூழுக்கா இந்தக் கை வரும்? நேராக ராயபுரத்துக்கு ஓடினான். அங்கே ஆறுமுகநயினார் அண்ணாச்சி கடையில் பல்பொடி முதல் வெளிநாட்டு டப்பா வரை எல்லாம் கிடைக்கும்.

"பால் திரிஞ்சா மேல தெளிஞ்சு நிக்கும்லா தண்ணி, அதுலேருந்து எடுக்க பவுடரு. வே புரோட்டீன்னு பேரு. குடிச்சா ஒடம்பு ஏறும்" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. "மூணு தினுசு இருக்கு. இது கான்சென்ட்ரேட்டு. வெல கம்மி. ஆனா பால் சர்க்கரை கொஞ்சம் கெடக்கும், சில பேரு வயித்துக்கு ஒத்துக்கிடாது. இது ஐசோலேட்டு. சர்க்கரைய வடிச்சது. அந்தா ஒசரத்துல இருக்குல்லா, ஹைட்ரோலைசேட்டு. பாதி செரிச்சே வந்துரும். வெலையச் சொன்னா ஒமக்குத்தான் செரிக்காது."

பகலவன் கான்சென்ட்ரேட்டோடு வீடு திரும்பினான்.

அண்ணாச்சி சொன்னது பலித்தது. மறுநாள் தண்டால் எடுக்கக் குனிந்த பகலவனின் வயிற்றிலிருந்து கிளம்பிய சத்தத்தைக் கேட்டு, எண்ணூரில் கப்பல் சங்கு ஊதுகிறதென்று ரெண்டு பேர் வாசலுக்கே ஓடிவிட்டார்கள். ஆசீர்வாதம் எல்லா ஜன்னலையும் திறந்தார். "நாளைக்கு வயித்த வூட்லயே வுட்டுட்டு வா நைனா" என்றார். தேசப்பன் சிரித்தான். அதுதான் தாங்கவில்லை.

"மகி! இந்த டப்பாவத் தூக்கிப் போடு. என் கண்ல படக்கூடாது!"

"முழு டப்பாவா கீதேய்யா" என்றாள் மனைவி மகிழினி.

"முழுசாத் தூக்கிப் போடு!"

மறுநாள் தட்டில் சங்கரா மீன் குழம்பு. நடுமாதத்தில் கருவாடுதானே வரும்?

"பூவம்மாக்கா குடுத்துச்சு. பேசாம சாப்புடு" என்றாள் மகிழினி. தெருவுக்குக் கூடை தூக்கிவரும் மீன்காரம்மாதான் பூவம்மா.

அடுத்தது ஐசோலேட். வயிறு சத்தமே போடவில்லை. ஆனால் ஜிம்முக்குப் போனால், தேசப்பனின் தோள் ரெண்டும் பலாப்பழத்தை வைத்துத் தைத்த மாதிரி நிற்கின்றன!

"டேய், கூழ்ல இன்னாடா போட்ற?"

"இப்போலாம் கூழ் இல்ல மாமு. எங்கம்மா இன்னாவோ கலக்கிக் குடுக்குது. கண்ண மூடிக்கினு குடிச்சிட்றேன்."

பகலவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பயல் உச்சாணித் தட்டு டப்பாவைக் குடிக்கிறான்! ஹைட்ரோலைசேட்டே பாய்ந்து நிற்கும் உடம்போடு இந்த ஐசோலேட் மோத முடியுமா?

"மகி, இதயும் தூக்கிப் போடு!"

அன்றைக்குத் தட்டில் கொடுவா மீன் வறுவல்.

தீபாவளி போனஸ் அண்ணாச்சி கடையில் கரைந்தது. மூன்றாம் டப்பா வந்தது. ஒரு மடக்குதான் குடித்தான். வேப்பெண்ணெயில் பாகற்காயை ஊறவைத்த கசப்பு. முகம் சுருங்கிய சுருக்கில் காது ரெண்டும் மூக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. மகிழினி கேட்கக்கூட இல்லை. டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "தூக்கிப் போட்டுட்றேன்யா" என்று ஆசையாகச் சொன்னாள்.

மறுநாள் வஞ்சிரம். அன்று மாலையில்தான் தேசப்பன் பனியனையே கழற்றிவிட்டுக் கண்ணாடி முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வேதனையில் பகலவன் சட்டியைக் காலி செய்தான். பொறாமைக்கு இத்தனை பசி எடுக்கும் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அளவெடுக்கும் நாள் வந்தது. தேசப்பன் கையைச் சுற்ற டெய்லர் டேப் திணறியது. அடுத்துப் பகலவன் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை மடக்கினான்.

"கை அப்டியே கீது" என்றார் ஆசீர்வாதம். பிறகு ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டேப்பை அவன் இடுப்பில் சுற்றினார். "ஆனா வளரலன்னு சொல்ல முடியாதுப்பா!"

பொங்கலுக்குப் போர்டு ஏறியது. நிஜக் கையே அப்படி என்றால், பெயிண்டர் வரைந்த கையைச் சொல்ல வேண்டுமா? தண்டவாளத்தைத் தாண்டி அடுத்த தெருவரை நீண்டிருந்தது. பகலவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டான்.

வாசலில் பூவம்மா கூடையை இறக்கும் சத்தம் கேட்டது.

"மகிழு, கேட்டாண்ட போர்டுல எம் புள்ள தேசப்பனப் பாத்தியா, இன்னாமா கீறான்! இந்தா, வவ்வாலு மீனு புடி. உன் வூட்டுக்காரரு அடுத்த டப்பாவ எப்போம்மா தூக்கிப் போடச் சொல்லுவாரு?"