மொம்பாசா அழித்த பெயர்

மொம்பாசாவில் ஒரு நாள்கூடக் கால் வைக்காமல் மொம்பாசாவைப் பற்றி மூச்சுவிடாமல் பேசக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் மணமேல்குடிக்காரர். ஊரே அவரை மொம்பாசா என்றுதான் கூப்பிட்டது. ரேஷன் கடையில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

சரக்குக் கப்பலில் பெயின்டர். ஏறிய கப்பலுக்குப் பெயர் மொம்பாசா. ஆப்பிரிக்காவில் இருக்கிற துறைமுகப் பட்டணத்தின் பெயர். இவர் இருந்தவரை கப்பல் அந்தத் திசைக்கே போகவில்லை. ஆனாலும் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு டீயில் சர்க்கரை தூக்கலா, கம்மியா என்பதுவரை சொல்லுவார். கென்யாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருத்தர் என் டைப்பிங் கடையில் வைத்து அவரை மடக்கினார்.

"யோவ், நீ அந்த ஊரப் பாத்துருக்கியா இல்லையா?"

"ஊர்ல எனக்கு என்னங்க வேலை? பேருலதான் எனக்கு வேலை."

உண்மைதான். கப்பல் கை மாறினால் பெயர் மாறும். பலகையைக் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டு பழையதை அழித்துப் புதியதை எழுத வேண்டியவர் இவர். இங்கிலீஷ் தெரியாது. சீட்டைப் பார்த்துப் படம் வரைகிற மாதிரி வரைவார். மொம்பாசா, லேடி ஹெலனா ஆனது. அடுத்த முதலாளி கோல்டன் ரீட்டா என்றான். அவனிடம் வாங்கியவன் மகா கஞ்சன். எதற்கு வீண் செலவு என்று கோல்டனை மட்டும் அழிக்கச் சொல்லிவிட்டான்.

ஊருக்கு வந்தபிறகு எவனாவது போர்டை மாற்றினால் மனிதருக்கு ஆகாது. பரோட்டாக் கடைக்குப் புதுப் பெயர் எழுத வந்தவனை ஏணியோடு பிடித்து ஆட்டினார். நான் என் கடைக்குப் பெயர் மாற்றி ஃப்ளெக்ஸ் கட்டியபோது, "பழைய பேரு என்ன சார் பாவம் பண்ணுச்சு? ஓரத்துல சின்னதாவாச்சும் போடுங்க" என்று சண்டை பிடித்து மூன்று வாரம் பேசவில்லை. மறை கழன்ற கேஸ் என்று எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவன் நான். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு நாள் கப்பல் முதலாளிகளுக்கு லெட்டர் அடிக்க வந்தார். மனைவியின் தம்பி செல்வத்தைத் தன்னோடு அந்தக் கப்பலுக்கு இவர்தான் கூட்டிப்போயிருக்கிறார். கப்பல் விலை பேசி முடிந்து வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நின்றபோது செல்வம் தவறி விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவில்லை. கப்பல்காரன் எழுதிக்கொடுத்தால்தான் இறப்புச் சான்று என்றது தாலுகா ஆபீஸ். செல்வத்தின் பெண்டாட்டி கலா அங்கே நடையாய் நடந்தாள். மொம்பாசாவோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

பழைய முதலாளி பதில் போட்டான்: கப்பலை விற்றாயிற்று, வாங்கியவரைக் கேளுங்கள். வாங்கியவன் பதில் போட்டான்: ரீட்டா என்ற எங்கள் கப்பலில் அப்படி ஒரு ஆள் ஏறவே இல்லை. படுபாவிகள்! கவனித்துப் பார்த்தால் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டு பதிலையும் காட்டியதும் தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்குக் குஷி. "மொதல்ல கப்பலுக்கு ஒரே பேரா வச்சிட்டு வாங்கய்யா" என்றார். பக்கத்து மேஜைகளும் சிரித்தன.

மொம்பாசா நேரே என் கடைக்கு வந்தார். "சார், நடந்தத அப்புடியே அடிங்க. அவன் விழுந்த மறுநாள் காலைல பேர அழிக்கச் சொன்னாங்க. தேடுறத விட்டுட்டு அழிச்சேன். கோல்டன் ரீட்டாங்குற பேரு இருந்தாத்தான அவன் செத்த கப்பலு இருக்கும்? என் கையாலயே அழிச்சுட்டேன் சார்."

"இத எழுதிக் குடுத்தா நீங்க மாட்டிக்குவீங்க மொம்பாசா."

"மாட்டிக்கிறேன். அடிங்க."

அடித்தேன். தாளை அவரே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தார். போலீஸ் படித்தது. "தடயத்த அழிச்சியா?" என்று கேட்டு எப்.ஐ.ஆர். போட்டது. மொம்பாசா முதல் குற்றவாளி. இரண்டாவது குற்றவாளி கிடையாது. முதலாளிகள் எந்த நாட்டுக் கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருந்தார்களோ, அவர்களுக்கு ஒரு போன்கூடப் போகவில்லை. தூ!

எப்.ஐ.ஆர். தாளோடு என் கடைக்கு வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தீங்களா சார்! செல்வம் பேரு, விழுந்த தேதி, கப்பலுக்கு ரெண்டு பேரு, அம்புட்டும் வந்துருச்சு. கலாவுக்கு ரெண்டு ஜெராக்ஸ் போடுங்க."

அந்தத் தாளை வைத்துத்தான் கலாவுக்குச் சான்று கிடைத்தது. வாங்கிக்கொண்டு நேரே இவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். "ஏண்ணே இப்புடிப் பண்ணுனீங்க?" என்றாள். பேச்சை நிறுத்திய பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். மொம்பாசா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது ஜாமீனுக்குச் சொந்தக்காரன் ஒருத்தனும் வரவில்லை. நான் போனேன். இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

அண்ணன் என்றேன்.