கெட்ட மண் கொடுங்க, அண்ணாச்சி

நல்ல மண்ணைத் தேடி அலைந்தவர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. கெட்ட மண்ணைத் தேடிப் போய் அரிவாள் வெட்டு வாங்கப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ராஜபாளையத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்தார். கடை மாடியில் நான் குடியிருந்தேன். ஊருக்கே அவர் 'கெட்டமண் பாய்'.

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவிலிருந்து வந்த அவர் தம்பி, ஒரு பூச்சித்தின்னிச் செடியைக் கொடுத்துவிட்டுப் போனார். இலை நுனியில் மூடி போட்ட குட்டிச் செம்பு தொங்கும். எறும்பு உள்ளே வழுக்கி விழுந்தால் அதோடு சரி. அதைப் பாய் மாடிப்படியோரம் வைத்த நாள் முதல் நான் விரல்களைக் கைலிக்குள் சுருட்டிக்கொண்டுதான் மாடிப்படி ஏறினேன்.

"கெட்ட மண்ணுல வைங்கண்ணே" என்று தம்பி சொன்னதைப் பாய் கேலி என்று நினைத்துவிட்டார். கரிசல் மண், தொழுவுரம், கடலைப்புண்ணாக்கு என்று செடிக்கு விருந்தே வைத்தார். செம்புகள் கருகின. இலை மஞ்சளடித்தது.

"தம்பி மறுபடி வாரதுக்குள்ள இது செத்துப்போச்சுன்னா அவன் மூஞ்சில எப்படிலே முழிப்பேன்?" என்றார். அந்தத் தம்பியை விட்டால் அவருக்கு வேறு யாருமில்லை.

தம்பி சொன்னது கேலியில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தேங்காய் நார்த்தூள் கடையிலேயே கிடந்தது. அதோடு கலக்கச் சத்தில்லாத மணல் வேண்டும். மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு கூமாப்பட்டிப் பக்கம் போனார். அங்கே ஒரு விவசாயி, நிலம் வாங்க வந்த இரண்டு பேருக்குத் தன் காட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். பாய் நேரே போய் வரப்போரத்து மணலை அள்ளினார். மோந்தார். நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"அடடா, என்னா மண்ணு அண்ணாச்சி. ஒரு சத்து கிடையாது. புல்லுகூட மொளைக்காது."

வாங்க வந்தவர்கள் வரப்பில் கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டினார்கள். விவசாயி அரிவாளைத் தேடினார். நான் பம்புசெட்டுத் தொட்டிக்குள் குதித்தேன். நீச்சல் தெரியாது என்பது குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான். அதிலும் இரண்டு முறை மூழ்கினேன்.

தலையைத் தூக்கியபோது பாய் செடியின் கதையைச் சொல்லி முடித்திருந்தார்.

"அப்ப, நல்ல சாப்பாடு போட்டா செத்துருமா?" என்றார் விவசாயி.

"ஆமா. பூச்சிய அதுவே பிடிச்சுத் திங்கும். மண்ணுல சத்து இருந்தா வேரு வெந்துபோகும்."

"என்னய்யா பொழப்பு இது. நீரு அள்ளுனது வெள்ளத்துல ஓடை கொண்டாந்து போட்ட மணலு. அந்தா ஓடையில அம்புட்டும் அதுதான். போயி அள்ளும். இங்கன என் யாவாரத்தக் கெடுக்காதீரு."

பாய் அவசரமாகக் காட்டின் நடுவே போய் ஒரு கை மண்ணை அள்ளி, வாங்க வந்தவர்களிடம் நீட்டினார்.

"இதைப் பாருங்க. இதுல வச்சா என் செடி ஒரே நாள்ல செத்துரும். அம்புட்டு சத்து."

செருப்புகள் மறுபடி கழன்றன.

மணலை அரிசி களைவதுபோல் களைந்து, அலசிய நார்த்தூளோடு பிசைந்து செடியை மாற்றி நட்டார். மழைத்தண்ணீரை மட்டுமே ஊற்றினார். தம்பி அடுத்த முறை வந்தபோது புதுச் செம்புகள் தொங்கின. பாய் தம்பியைப் பார்க்காமல் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கினால் அப்படித்தான் நிற்பார்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றல் வந்ததும், அதிலிருந்து ஒரு கிளையை வேர்பிடிக்க வைத்துத் தொட்டியோடு கையில் கொடுத்தார்.

"பத்திரம்லே. அதுக்கு நல்லது எதும் செஞ்சுராத."

இத்தனை வருஷத்தில் ஒரு நல்லதும் செய்யவில்லை, பாய். நேற்றுகூடப் புதுச் செம்பு ஒன்று விட்டிருக்கிறது.