முதுகில் நாலு கிளிப்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். என் சர்க்கரையும் அவள் வாயும் இப்போதைக்கு அளவோடு இருக்கின்றன. மாப்பிள்ளையையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல். போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

அடுத்த மாதம் வரும்போது என் டச் போனை வாங்கிக்கொண்டு பட்டன் போன் தரப்போவதாகச் சொன்னாய். "உங்கள எவன் வேணா ஏமாத்திடுவான்ப்பா" என்றாய். அந்த வார்த்தை மூன்று நாளாக முள்ளாய்க் குத்துகிறது. செவ்வாய்க்கிழமை நடந்ததைப் படித்துவிட்டு முடிவு செய்.

காலை பதினோரு மணிக்கு ஒரு வீடியோ கால். போலீஸ் உடுப்பில் ஒருத்தன். என் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருந்ததாம், என்னைக் கைது செய்தாகிவிட்டதாம், கேமராவை விட்டு நகரக் கூடாதாம், வீட்டில் யாரிடமும் மூச்சு விடக் கூடாதாம், சேமிப்பை எல்லாம் சோதனைக்காக அவர்கள் கணக்குக்கு மாற்றணுமாம். பொய் சொல்ல மாட்டேன்ம்மா, பயந்துபோய் அப்படியே நம்பிவிட்டேன். நீ சுவரில் ஒட்டிய எச்சரிக்கைக் காகிதம் கண்ணெதிரே இருந்தும் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை, ஆனால் அந்தச் சட்டை தெரிந்தது, முப்பத்தாறு வருஷம் உடுப்பு தைத்தவன் கண்ணில் சட்டை படாமல் போகுமா, தோள் இரண்டும் முழங்கை வரை வழிகிறது, மார்பு மட்டும் கச்சென்று பிடித்திருக்கிறது, ஒரே சட்டையில் இது எப்படி என்று அந்தப் பயத்திலும் மண்டை குடைய, என் வாய் தானாகவே "கொஞ்சம் திரும்பி நில்லுங்க தம்பி" என்றது.

திரும்பினான். தையல்காரன் அந்தக் குரலில் சொன்னால் மந்திரியும் திரும்புவார். முதுகில் நாலு கிளிப். கொடியில் துணி காயப்போட மாட்டுகிற பச்சை கிளிப். யாருடைய சட்டையையோ பின்னால் இழுத்துச் சுருக்கி மாட்டியிருக்கிறான்.

"எந்தத் தையல்காரன்டா உனக்குக் கிளிப் போட்டுக் கொடுத்தான்?" என்று கேட்டேன். அவன் முகம் செத்துப்போய்விட்டது. உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டான். உன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அவள் கொஞ்சம் அழுதாள். மோசடிப் புகார் எண்ணுக்கும் சொல்லிவிட்டேன். எடுத்த பெண், நான் ரொம்ப உஷாரான ஆள் என்றாள். ஆகவே மகளே, போன் என்னிடமே இருக்கட்டும்.

நீங்கள் மூவரும் நையாமல், கிழியாமல், சாயம் போகாமல் நூறு வருஷம் இருக்கணும்.

இப்படிக்கு,
உன் உஷாரான அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். மன்னிப்புக் கேட்டான். அப்புறம் பணிவாக, "இந்தச் சட்டைய நீங்களே சரி பண்ணித் தருவீங்களா ஐயா?" என்றான். கடையை மூடி ஆறு வருஷம் ஆச்சும்மா, ஒருத்தர்கூட என்னை இப்படிக் கேட்கவில்லை. மனசு குளிர்ந்துபோய், தோளைப் பிரிக்கணும், பக்கத்தைப் பிடிக்கணும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். முன்பணம் போடுகிறேன், உங்களுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைச் சொல்லுங்கள் என்றான். வந்தது. யாரிடமும் சொல்லாதே என்று உன் காகிதத்தில் இருப்பது தெரியும். ஆனால் அதற்குள் அவன் வாடிக்கையாளர் ஆகிவிட்டானே. நாலாவது இலக்கத்தைச் சொல்லும்போது உன் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். பணம் பத்திரம். போன் அவள் அலமாரியில், சாவி அவள் இடுப்பில்.

பட்டன் போனே வாங்கி வா. கூடவே மாப்பிள்ளையின் தொளதொள கால்சட்டை ஏதாவது இருந்தால் எடுத்து வா. இடுப்பைப் பிடித்துத் தருகிறேன்.