நூறு சதவீதம் முடிந்த சூரியன்

சூரியனைக் கும்பிட்டவர்கள் உண்டு, வெயில் தாங்காமல் திட்டியவர்கள் உண்டு. ஆனால் அதன் வேலையை முடித்து, சீல் வைத்து, கோப்பில் கட்டிப் போட்டவர்கள் என்று பார்த்தால் உலகத்திலேயே அந்த ஒரு அலுவலகம்தான். தூய ஆற்றல் மாற்ற அலுவலகம் என்று பெயர். நிலக்கரியை விட்டு வெயிலுக்கு மாறுவது எப்படி என்று பாதி ஆசியா மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவர்கள் பதினெட்டே மாதத்தில் மாறி முடித்து, கையையும் கழுவிவிட்டார்கள். சதவீதம் நூறு. வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த நூறில் ஒரு துளி, ஊர்க்கோடியில் இருந்த சின்னச் சுகாதார நிலையம். அதை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துவந்தாள் ஒரு நர்ஸ். மொட்டை மாடியில் எட்டு சோலார் தகடுகள் இருந்தன. அவற்றிலிருந்து இறங்கிய கறுப்பு ஒயர் தடுப்பூசி அறைவரை வந்து, ஓர் ஆணியில் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது. ஆணிக்கும் மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே மூன்று முழம். இன்வெர்ட்டர் பெட்டி பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தது. அதன்மேல் குழந்தைகளை எடை போடும் தராசை வைத்திருந்தாள். தராசு வைக்க அதைவிட வாகான பெட்டி கிடைக்காது. குறை சொல்லக் கூடாது.

நன்றிகெட்ட மனுஷி, அந்த அலுவலகத்தின் இயக்குநரிடம் குறை சொல்லத்தான் போனாள்.

“சார், அந்த மூணு முழத்தை மட்டும் இணைச்சுக் குடுத்தா போதும்.”

இயக்குநர் அவளை அனுதாபத்தோடு பார்த்தார். “வேலை முடிஞ்சிருச்சும்மா. முடிஞ்ச வேலையை எப்படிச் செய்யறது?”

பிறகு பொறுமையாக விளக்கினார். டெண்டரில் இருப்பது தகடுகளை ‘நிறுவுதல்’. நிறுவியாகிவிட்டது. இப்போது போய் இணைத்தால், இதுநாள்வரை இணைக்கவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் நூறு, தொண்ணூற்றொன்பதாகும். ஒரு நாட்டின் நூறை ஒரு ஃப்ரிட்ஜுக்காகக் குறைப்பதா? மனசாட்சி இருக்கிறவள் கேட்கிற கேள்வியா இது?

மறுநாளே அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். ஒயர் முனையில் ஒரு சீல் ஒட்டினார்: ‘முடிவுற்ற பணி. தொடுவது குற்றம்.’ மக்கள் குரலுக்கு அரசாங்கம் செவிசாய்ப்பதில்லை என்று புலம்புகிறவர்கள் இந்த வேகத்தைக் கவனிக்க வேண்டும்.

இப்படியிருக்கையில், பதினோரு நாடுகளிலிருந்து விருந்தினர்கள் வருவதாக முடிவானது. ‘மாற்றத்தின் சவால்களும் வாய்ப்புகளும்’ என்று ஒரு மாநாடு. அவர்களுக்குக் காட்ட நர்ஸின் நிலையமே ‘மாதிரி மையம்’. அவர்கள் வரும் நாளும் மாதாந்தரத் தடுப்பூசி நாளும் ஒன்றாக அமைந்தது. அறுபத்திரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி. பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே அம்மை கண்டு மூன்று பிள்ளைகள் படுத்திருந்தார்கள். அடுத்த மருந்து வர இன்னும் ஒரு மாதம்.

முந்தின நாள் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. போகவில்லை; நிறுத்தினார்கள். சாலையோரக் கம்பங்களில் வரவேற்பு விளக்கு கட்ட வேண்டுமே.

நர்ஸ் ஐஸ் வாங்க ஓடினாள். ஐஸ் ஃபேக்டரிக்கும் அதே லைன்தான். விடிந்தும் கரண்ட் வரவில்லை. எலெக்ட்ரீஷியனாக இருந்த தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

“அரை மணி நேர வேலைதான் அக்கா. ஆனா அந்த சீலைப் பிச்சா உன் வேலை போயிரும்,” என்றான் அவன்.

“பிக்கறது நான். நீ வந்து சேரு.”

அவன் கிளம்பிவிட்டான். முக்கில் போலீஸ்காரர் மறித்துவிட்டார். விருந்தினர்கள் வரும்வரை பாதை கிடையாது. ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவருமாக ஒருவன் மாதிரி மையத்தை நோக்கிப் போவது அவருக்கே சரியாகப் படவில்லை. நர்ஸுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. லாரியில் டீசல் ஜெனரேட்டர்! தெய்வம் கண் திறந்துவிட்டது என்று வாசலுக்கு ஓடினாள். ஜெனரேட்டர் வந்தது ஃப்ரிட்ஜுக்கு அல்ல. தகடுகளில் தூசி படிந்திருந்தால் நாட்டுக்கே அவமானம். அவற்றைக் கழுவத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு மோட்டார் ஓட வேண்டும். குபுகுபுவென்று புகை கிளம்பியது. தகடுகள் பளபளத்தன.

முன்னதாகவே வந்துவிட்ட இயக்குநரிடம், அதிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு ஓர் இணைப்புக் கேட்டாள்.

“மாதிரி மையத்துக்குள்ள டீசல் கரண்டா? வெளியில தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?” என்று அவர் பதறினார். மோட்டார் வெளியே இருந்தது. அதனால் அதற்குத் தீட்டு இல்லை.

லாரியைக் கண்மறைவாக நிறுத்தியதும் விருந்தினர்கள் வந்தார்கள். மாடியை அண்ணாந்து பார்த்தார்கள், படமெடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மையார், உள்ளே ஏன் விளக்கு எரியவில்லை என்று விசாரித்தார். இயக்குநர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. நேற்றுக் காலையிலிருந்து இந்தக் கட்டடத்தில் ஒரு துளி நிலக்கரி கரண்ட்கூடச் செலவாகவில்லை என்று அறிவித்தார். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தங்கள் நாடு இந்த நிலையை எட்ட இன்னும் பத்து வருஷமாவது ஆகும் என்று ஒருவர் ஏக்கத்தோடு குறித்துக்கொண்டார்.

அடுத்து, விருந்தினர் முன்னிலையில் முதல் ஊசி. வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்த தாய் மடியில் ஒன்பது மாதப் பெண் குழந்தை.

“பெரியவனுக்கு அம்மை வந்திருச்சு சிஸ்டர். இவளுக்காவது இன்னைக்குப் போட்டுடுங்க,” என்றாள் அந்தத் தாய்.

நர்ஸ் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. ஒவ்வொரு மருந்துக் குப்பியின் லேபிளிலும் சின்ன வெள்ளைச் சதுரம் ஒன்று உண்டு; சூடு பட்டு மருந்து கெட்டால் அது கறுத்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் கறுத்திருந்தன.

“கெட்டுப்போச்சு சார். இதைப் போட முடியாது.”

“கேமரா ஓடுதும்மா,” என்றார் இயக்குநர், சிரித்த முகத்தை மாற்றாமல். “போடற மாதிரி கையை வெச்சா போதும்.”

நர்ஸ் அந்தத் தாயைப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

“குழந்தைங்களை வரிசையா உக்கார வெச்சாச்சு. உங்க முறைப்படி, ஊசி போட்டாச்சுன்னே எழுதிக்கலாமா சார்?”

இயக்குநருக்குக் கோபம் வரவில்லை. முகம் மலர்ந்தது. இத்தனை மாதத்தில் திட்டத்தின் தத்துவத்தைப் புரிந்துகொண்ட முதல் ஆள் அல்லவா!

“அதேதாம்மா. எழுதிக்கங்க. நூறு சதவீதம்.”

அவள் தடுப்பூசிப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தாள். அறுபத்திரண்டு பெயர்களுக்கும் நேராக ‘போடவில்லை’ என்று எழுதினாள். பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. காய்ச்சல், ஊரில் இல்லை, தாய் சம்மதிக்கவில்லை என்று ஏதாவது எழுதுவது வழக்கம். அன்றைக்கு அதில், ‘இயக்குநர், தூய ஆற்றல் மாற்ற அலுவலகம்’ என்று எழுதினாள். ‘மேற்படி’ போட்டுச் சுருக்காமல், அறுபத்திரண்டு முறையும் முழுதாக எழுதினாள்.